பூவைப் பார்த்து டிசைன் வரைவது: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணிக்கும் அழைப்பிதழுக்கும் டிசைன் வரைந்து கொடுப்பது என் வேலை. ஓவியம் பழக வரும் பிள்ளைகள், புதிதாகத் துணி வியாபாரம் தொடங்கியவர்கள், கோலத்தில் ஆர்வமுள்ள அக்காமார் எல்லோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நெல்லைச் சீமை என்று நான் சொல்வது பழைய திருநெல்வேலி மாவட்டத்தை. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்கள் ஆகிவிட்டன. பேச்சு வழக்கில் எல்லாம் நம்ம பக்கம்தான்.

இணையத்தில் ஆயிரக்கணக்கில் பூப்படங்கள் கிடைக்கின்றன. எதற்கு வெயிலில் அலைய வேண்டும்?

'பூ டிசைன்' என்று தேடிப் பாருங்கள். ரோஜா, டூலிப், செர்ரி என்று வரிசையாக வரும். ஆவாரை, எருக்கு, தும்பை எல்லாம் பெரும்பாலும் மருத்துவக் குறிப்புகளோடுதான் வரும். டிசைனாக வருவது அபூர்வம். கல்யாணப் பத்திரிகை முதல் நைட்டித் துணி வரை ஒரே பத்துப் பூக்களை நாம் எல்லோரும் சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டிருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். நம் வேலியோரத்துச் செடிகள் இன்னும் சரியாக வரையப்படவே இல்லை. புதிதாக ஏதாவது செய்ய நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வேண்டுமா?

அப்புறம், படத்தில் ஒரு பூவின் ஒரு முகம்தான் தெரியும். செடியின் பக்கத்தில் உட்கார்ந்தால் மொட்டு, பாதி விரிந்தது, முழுக்க மலர்ந்தது, வாடியது, காய் எல்லாம் ஒரே கிளையில் இருக்கும். ஆவாரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மஞ்சள் இதழ்கள், ஓரம் சற்றே சுருங்கியவை. நடுவே நீளம் ஒத்துவராத மகரந்தக் காம்புகள். ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள். ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் வட்டமான இரண்டு இலைச்செதில்கள் தண்டைத் தழுவி நிற்கும். அந்தச் செதிலைப் படத்தில் யாரும் கவனிப்பதில்லை. சேலைக் கரைக்கு ஆவாரையை வரையும்போது அதைச் சேர்த்துப் பாருங்கள், பார்த்தவுடன் ஆவாரை என்று ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

எங்கே, எந்த மாதத்தில் போகலாம்?

ஆனி முதல் ஆவணி வரை சாரல் காலம். குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் போனால் பாறையெல்லாம் பாசியும் பெரணியுமாக இருக்கும். பெரணியின் சுருண்ட இளந்தளிர் ஒன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தை நிரப்பப் போதும். அதே நாட்களில் சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை வயல்களில் சூரியகாந்தி பூத்திருக்கும். கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் வரப்பில் உட்கார்ந்து பூவின் நடுவட்டத்தைப் பாருங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். விவசாயியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வயலில் இறங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் நிறையும். அப்புறம் அல்லியும் தாமரையும். வெள்ளை அல்லி இரவில் விரிந்து, வெயில் ஏறினால் கூம்பிவிடும். தாமரை காலையில் விரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க விடிந்ததும் குளத்தங்கரையில் இருக்க வேண்டும். வேலிகளில் செங்காந்தள் ஏறுவதும் மழைக்காலத்தில்தான். தை, மாசியில் பறவைகளுக்காகக் கூந்தன்குளம். பங்குனி, சித்திரையில் வேம்பு, புங்கை, சரக்கொன்றை. எருக்கு ஏறக்குறைய வருடம் முழுக்க ரயில் பாதை ஓரத்தில் பூத்திருக்கும்.

ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் திருப்புடைமருதூர் போங்கள். தாமிரபரணிக் கரை, பெரிய மருத மரங்கள், அவற்றில் கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும். 2005இல் அதைப் பறவைகள் காப்பிடமாக அரசு அறிவித்தது. கோயிலில் சுவாமியின் பெயரே நாறும்பூநாதர். கோபுரத்தின் உள்தளங்களில் பழைய சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன. மேலே ஏற அனுமதி கேட்க வேண்டும். கிடைக்காவிட்டாலும் ஆற்றங்கரை இருக்கிறது, மருத மரத்தின் பட்டையும் ஐந்து சிறகுள்ள அதன் காயும் இருக்கின்றன.

பூவில் எதைப் பார்க்க வேண்டும்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். என் பதில்: அழகைப் பிறகு பார்க்கலாம், முதலில் கட்டமைப்பைப் பாருங்கள்.

நந்தியாவட்டை ஐந்து இதழ். ஒவ்வொரு இதழும் ஒரு ஓரத்தில் பக்கத்து இதழை மூடும், மறு ஓரத்தில் இன்னொன்றுக்குள் அடங்கும். மொட்டிலேயே அந்த முறுக்கு தெரியும். அதனால்தான் அந்தப் பூ நின்ற இடத்திலேயே சுழல்வதாகத் தோன்றுகிறது. பாதியை வரைந்து தாளை மடித்து மறுபாதியை அச்செடுத்தால் பூ வரும், நந்தியாவட்டை வராது. சுழற்றத்தான் முடியும், மடிக்க முடியாது. அரளியும் இதே குடும்பம், அதிலும் முறுக்கு உண்டு.

சங்குப்பூ இதற்கு நேர் எதிர். நடுவில் ஒரே கோடு, இருபுறமும் ஒன்றுபோல இருக்கும். அதைச் சுழற்றினால் அடையாளம் போய்விடும். எருக்கில் வெளியே ஐந்து இதழ், உள்ளே ஐந்து மடலுடன் எழுந்து நிற்கும் மகுடம். மேலிருந்து பார்த்தால் ஐங்கோணம், பக்கவாட்டில் பார்த்தால் கோபுரம். ஒரே பூவில் இரண்டு டிசைன்கள்.

செங்காந்தளுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கினாலும் தகும். ஆறு இதழ்கள், ஓரம் அலையலையாக நெளிந்து, பின்னோக்கி மடங்கி மேலே எழும். சூலகத் தண்டு ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடைமட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். சமச்சீராக இருக்கும் பூவை அந்த ஒரு கோடு கலைக்கிறது, அதுதான் அதன் உயிர். முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு நுனியில் சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு என்று நாள்போக்கில் நிறம் மாறும். இலையின் நுனி கொடிச்சுருளாக நீண்டு பக்கத்துச் செடியைப் பற்றிக்கொள்ளும். கரை டிசைனில் ஒரு பூவையும் அடுத்த பூவையும் எப்படி இணைப்பது என்று தவிப்பவர்களுக்குச் செடியே வழி காட்டிவிடுகிறது.

சூரியகாந்தியின் நடுவட்டத்தில் விதைகள் இரண்டு திசையிலும் சுருள் வரிசைகளாக அமைந்திருக்கும். ஒரு திசையில் 34, எதிர்த்திசையில் 55 என்று எண்ணினால் வருவது வழக்கம். பெரிய பூவில் 55, 89. ஒவ்வொரு புதிய விதையும் முந்தையதிலிருந்து ஏறக்குறைய 137.5 பாகை தள்ளித் தோன்றுவதால் இந்த அடுக்கு அமைகிறது. இடம் வீணாவதில்லை. வட்டத்தை நிரப்ப வேண்டிய எந்த டிசைனுக்கும், தட்டோ ஜமுக்காளத்தின் நடுவோ எதுவானாலும், கோணமானியை எடுத்து 137.5 பாகை வைத்துப் புள்ளி குத்திக்கொண்டே போய்ப் பாருங்கள்.

எனக்கு வரையவே வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை. இலையின் பின்பக்கம் மை தடவித் தாளில் அழுத்துங்கள், நரம்போடு பதியும். பூவின் நிழலை வெள்ளைத் தாளில் விழவைத்து ஓரத்தைக் கோடிடுங்கள். இதுபோதும் தொடங்க.

போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் வரையலாமா?

எடுங்கள். ஆனால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, செடி முழுக்க ஒன்று என்று எடுங்கள். பூவின் பின்பக்கத்தை யாரும் எடுப்பதில்லை. காம்பு பூவோடு சேரும் இடம் தெரியாமல் வரைந்தால், பூ காகிதத்தில் ஒட்டியதாகத் தெரியுமே தவிர செடியில் பூத்ததாகத் தெரியாது.

பார்த்த பூவை டிசைனாக மாற்றுவது எப்படி?

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். ஓர் அலகைச் சுழற்றுவது, திருப்பிப்போடுவது, வரிசையாக அடுக்குவது எல்லாம் அவர்கள் கைக்குப் பழக்கம்.

ஆனால் ஓர் இடத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். நம் பூக்களில் பெரும்பாலானவை ஐந்து இதழ். கோலப் புள்ளியோ நேர்ப்புள்ளியானால் சதுரம், ஊடுபுள்ளியானால் அறுகோணம். ஐந்தாகச் சுழலும் அமைப்பு, திரும்பத் திரும்ப வரும் புள்ளி வரிசை எதிலும் முழுசாகப் பொருந்தாது. இது கணிதம், நம் கைப்பழக்கத்தின் குறை இல்லை. வாசலில் போடும் பூக்கள் ஆறும் எட்டும் இதழோடு இருப்பதற்குப் புள்ளிதான் காரணம். ஆகவே இரண்டு வழிகள். ஒன்று, கட்டத்துக்கு ஏற்ப இதழை ஆறாகவோ எட்டாகவோ ஆக்கி, பூவின் மற்ற அடையாளங்களைக் காப்பாற்றுவது. இன்னொன்று, ஐந்து இதழை அப்படியே வைத்துக்கொண்டு பூக்களைத் தனித்தனியாக விட்டு, இடைவெளியை இலையாலும் கொடியாலும் நிரப்புவது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. நந்தியாவட்டையை ஆறு இதழாக்கினால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

வரிசை வைக்கும்போது ஒன்றின் கீழ் ஒன்றாக நேராக வைத்தால் துணியில் கோடு விழும். அடுத்த வரிசையைப் பாதியளவு தள்ளி வையுங்கள், சுவரில் செங்கல் அடுக்குகிற முறை. கண் ஓர் இடத்தில் நிற்காமல் துணி முழுக்கப் போய்வரும்.

நம் ஊர்க் கைவினைகளில் பூ எப்படி இருக்கிறது? அவற்றிலிருந்து என்ன கற்கலாம்?

நான் கற்றதில் முக்கியமானது இதுதான்: பூவைப் பாதி நீங்கள் வரைகிறீர்கள், மீதியை நீங்கள் எடுக்கும் பொருள் வரைந்துவிடும். அதைத் தடுக்கக் கூடாது.

பத்தமடைப் பாயைப் பாருங்கள். ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கீறி, நூல் பாவில், அதாவது நீளவாக்கில் கட்டிய நூல்களில், நெய்கிறார்கள். உயர்ந்த ரகப் பாயைத் துணியாக மடிக்கலாம், அவ்வளவு மெலிசு. என்னதான் மெலிசானாலும் கோரை வளைந்து கொடுக்காது. நேராகத்தான் ஓடும். அதனால் பாயில் பூ போட்டால் படிப்படியாக ஏறி இறங்கும் கட்டங்களால் ஆன பூவாகத்தான் வரும். கல்யாணப் பாயில் நெய்யும் மணமக்கள் பெயரும் அப்படியே, எழுத்தின் வளைவெல்லாம் படிக்கட்டாகிவிடும். வளைந்த கொடியைக் கொண்டுபோய் 'இதைப் பாயில் போட்டுத் தாருங்கள்' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் கட்டத்தாளில் உங்கள் பூவை வரைந்து வாருங்கள் என்பதே. கட்டத்தாளில் பிழைத்த பூ பாயிலும் பிழைக்கும்.

வீரவநல்லூர் செடிபுட்டா சேலையில் பூத்த செடியே புட்டாவாக, அதாவது துணியில் திரும்பத் திரும்ப வரும் சின்ன உருவமாக, வருகிறது. பட்டும் பருத்தியும் கலந்து சௌராஷ்டிர நெசவாளர்கள் கைத்தறியில் நெய்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கும் கட்டம்தான், ஆனால் நூல் கோரையைவிட மெலிசு, ஆகவே படி சிறிதாகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வளைவாகவே தெரியும். செடியில் எதையெல்லாம் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். இலை நரம்பு இல்லை, இதழில் நிழல் இல்லை. தண்டு, கிளை, பூ, அவ்வளவுதான். அந்தச் சிக்கனத்துக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகச் செய்த முடிவுகள் இருக்கின்றன.

கல்லுக்கு வந்தால், நாயக்கர் காலத் தூண்களின் மேலே போதிகையைப் பாருங்கள். தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே எடையை வாங்கும் உறுப்பு அது. அதன் முனையில் கவிழ்ந்த மொட்டு ஒன்று தொங்கும். பாரம் தாங்கும் இடத்தின் நுனியில் இப்படி ஒரு மொட்டை வைக்கத் தோன்றியதே, அந்தச் சிற்பியை நினைத்து எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும். நெல்லையப்பர் கோயில் மண்டபங்களில் நடக்கும்போது தலையைத் தூக்கிப் பாருங்கள். இதழ் கனமாக, விளிம்பு தடிப்பாக இருக்கும். மெல்லிதாகச் செதுக்கினால் கல் உடைந்துவிடும்.

அம்பாசமுத்திரம் மரச்சொப்பில் இதழே இல்லை. கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்கை அழுத்த, உராயும் சூட்டில் அரக்கு உருகி ஒட்டுகிறது. சுழலும் பொருளில் வளையம்தான் வரும். ஆகவே பூவின் நிறத்தை மட்டும் எடுத்து வளையங்களாக்க வேண்டும். செங்காந்தளின் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றையும் அடுத்தடுத்த வளையமாக நினைத்துப் பாருங்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் தோவாளை. அது குமரி மாவட்டம், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அங்கே மாணிக்கமாலையில் அரளிப் பூக்களையும் நொச்சி இலையையும் மடித்துப் பட்டையாகக் கோர்க்கிறார்கள். பக்கத்தில் போகும்வரை கல் பதித்த நகை என்றே நினைப்பீர்கள். பூவே மூலப்பொருள், ஆனால் பூவின் உருவம் முழுக்க மறைந்து நிறமும் கட்டமும் மட்டும் மிஞ்சுகிறது.

நிறத்தை எப்படி எடுப்பது?

எந்த நிறம் என்பதைவிட எவ்வளவு என்று பாருங்கள். பூவரசம்பூ காலையில் வெளிர் மஞ்சள், நடுவில் அடர்ந்த சிவப்புப் பொட்டு. வாடும்போது செவ்வூதா ஆகிவிடும். ஒரே மரத்தில் இரண்டு நிறமும் பச்சைக்கு நடுவே இருக்கும், பச்சைதான் பெரும்பங்கு. அந்த விகிதத்தோடு எடுத்தால்தான் அது பூவரசு.

மண்ணையும் மறக்க வேண்டாம். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல், திசையன்விளைப் பக்கத்துத் தேரியின் செம்மணல் இரண்டும் பின்னணி நிறத்துக்கு அருமையானவை. தேரிச் சிவப்பின் மேல் பனையோலைப் பச்சையை வைத்தால் வேறு அலங்காரமே வேண்டாம்.

பூவிலிருந்தே துணிக்குச் சாயம் எடுக்கலாமா?

ஆசை நல்லதுதான், ஆனால் செம்பருத்தி, சங்குப்பூ நிறமெல்லாம் துணியில் நிற்காது. சங்குப்பூவின் நீலத்தில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும், பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை. தாளில் வரையக்கூடப் பயன்படுத்தலாம், வெயிலில் வெளுத்துவிடும். துணியில் நிற்பவை வேறு. நீலத்துக்கு அவுரி இலை, சிவப்புக்குச் சாயவேர். சாயவேரை வைத்துச் செய்யும்போது படிகாரம் சேர்க்க வேண்டும், அப்போதுதான் நூல் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்த ஆரத்திச் சிவப்பைத் துணிக்கு நம்பாதீர்கள்.

நம் பக்கத்துச் செடிகளைப் பழைய காலத்தில் யாராவது வரைந்திருக்கிறார்களா?

வரைந்திருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட் 1830களில் குற்றாலத்தில் செடிகளைச் சேகரித்தார். தென்னிந்தியத் தாவரங்களின் 2101 கல்லச்சுப் படங்களை 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்டார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரையே ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் சூட்டினார்.

இந்தப் படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நடுவில் முழுக் கிளை, கீழே பூவைப் பிரித்துப்போட்ட உறுப்புகள், சுற்றிலும் வெற்றுத்தாள். இலை ஒன்று மடங்கி அடிப்பக்கத்தைக் காட்டும். ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்ததில் ஒன்றிரண்டை அப்படியே பார்த்து வரையுங்கள். பழகுவதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் பின்னால் போக வேண்டுமா? ஆதிச்சநல்லூரில் 2004, 2005 அகழாய்வில் கிடைத்த ஒரு பானையோட்டில் ஒரு பெண், வாழை, மீனைக் கவ்விய கொக்கு, மான், முதலை எல்லாம் களிமண்ணை ஒட்டிச் செய்த உருவங்களாக இருக்கின்றன. அந்தக் குயவர் தாமிரபரணிக் கரையில் தினமும் கண்டதையே எடுத்திருக்கிறார்.

செடிபுட்டாவையோ பத்தமடைப் பாயின் டிசைனையோ என் துணியில் அச்சடிக்கலாமா?

பார்த்துக் கற்றுக்கொண்டு உங்கள் கையால் வேறொன்று செய்யுங்கள், அதில் தவறில்லை. ஆனால் விசைத்தறியிலோ அச்சிலோ செய்த துணியைச் 'செடிபுட்டா' என்ற பெயரில் விற்கக் கூடாது. புவிசார் குறியீடு அந்தப் பெயரை அந்த ஊர் நெசவாளர்களுக்குத்தான் உரிமையாக்குகிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு நெசவாளர் பல நாள் உட்கார்ந்து நெய்வதை நாம் ஒரு மணி நேரத்தில் அச்சடித்து அதே பெயரில் பாதி விலைக்கு விற்றால் தறி நின்றுவிடும். முடிந்தவர்கள் உங்கள் டிசைனை அவர்களிடமே கொண்டுபோய், கூலி பேசி, நெய்து வாங்குங்கள்.

காட்டில் பூப் பறிக்கலாமா? எப்படிப் பாடம் செய்வது?

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் எதையும் பறிக்காதீர்கள், விழுந்த இலையைக்கூட எடுக்காதீர்கள். பாபநாசம், மணிமுத்தாறு வனச் சோதனைச்சாவடிகளில் நேரமும் விதிமுறையும் கேட்டுக்கொண்டு போங்கள். நோட்டும் பென்சிலும் போதும்.

பாடம் செய்ய வீட்டுச் செடியிலிருந்தோ வேலியோரத்திலிருந்தோ எடுங்கள். பனி ஈரம் காய்ந்த பிறகு பறித்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவே இதழ் மடங்காமல் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். முதல் சில நாள் தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். ஆவாரையும் பெரணியும் நன்றாக வரும், மல்லிகை பழுத்துவிடும், தாமரை போன்ற தடித்த பூவை இதழ் இதழாகப் பிரித்துத்தான் காயவைக்க முடியும். செங்காந்தள் செடி முழுக்க நஞ்சு, கிழங்கு மிகவும் மோசம். அதைத் தொட்டால் கையைக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். எருக்கின் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.